மணிப்பூட்டும் பேசும் பெட்டியும்

பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டின் முகப்புக் கதவில் ஒரு மணிப்பூட்டு இருக்கிறது. அதன் சாவி ஒரு சாண் நீளம். ஒரு சுற்றுச் சுற்றினால் பூட்டுக்குள் டிங் என்று மணி அடிக்கும், அடுத்த சுற்றுக்கு இன்னொரு மணி. இரண்டும் கேட்டால்தான் கதவு முழுசாகப் பூட்டியதாகக் கணக்கு. செட்டிநாட்டு வீடுகள் எவ்வளவு நீளம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில். பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி அடுப்படியில் இருக்கும் அப்பத்தா, மணியை எண்ணியே கதவு பூட்டியாயிற்றா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அதே அப்பத்தாவுக்குக் கைப்பேசியோடு தினமும் மல்லுக்கட்டு. அப்பாவின் படத்தைத் தொட்டாலே அழைப்புப் போகும்படி முதல் திரையில் வைத்துக் கொடுத்திருந்தேன். அவர் தொட்டால் மட்டும் போகாது. ‘நீக்கு’ என்று ஏதோ வரும். ஒருநாள் படமே காணாமல் போய்விட்டது. “அமுக்கத்தானப்பா செய்யிறேன், அது கேக்க மாட்டேங்குது” என்பார். வயசாகிவிட்டது, பழக்கமில்லை என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை மட்டும் கவனித்தேன். வாசல் மணியின் பொத்தானை அழுத்துவதுபோல விரலை ஊன்றி, சத்தம் வரட்டும் என்று எடுக்காமல் பிடித்திருந்தார்.

இன்றைய தொடுதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அழுத்தம் என்பதே தெரியாது. கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்சைடு இதற்கு அதிகம் பயன்படுகிறது. அது மின்சாரத்தைக் கடத்தும், ஒளியையும் மறைக்காது. கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் மின்னூட்டம் நிற்கிறது. நம் உடம்பில் உப்பு கலந்த நீர் இருப்பதால் விரலும் ஒரு மின்கடத்திதான். விரல் கிட்டே வந்ததும் அந்த இடத்து மின்னூட்டம் சற்று மாறும். அந்த மாற்றத்தை நொடிக்குப் பல பத்துத் தடவை அளந்து, விரல் எங்கே பட்டது என்று கைப்பேசி கண்டுபிடிக்கிறது. நகத்தால் தட்டினால் வேலை செய்யாததற்கும், ஈரக்கையில் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். காய்ப்பேறிய விரலிலும் இதே சிக்கல் வரலாம், ஏனென்றால் தடித்த உலர்ந்த தோல், உள்ளே இருக்கும் ஈரத்தைக் கண்ணாடியிலிருந்து தள்ளி வைத்துவிடுகிறது. அறுபது வருஷம் அம்மியும் உலக்கையும் பிடித்த விரல் என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, அழுத்தம் தெரியாத திரை, தொடுவதையும் அழுத்திப் பிடிப்பதையும் எப்படிப் பிரிக்கிறது? நேரத்தை வைத்துத்தான். விரல் பட்டு ஏறத்தாழ அரை விநாடிக்குள் எடுத்துவிட்டால் அது தொடுதல். அதைத் தாண்டினால் அழுத்திப் பிடித்தல், அதற்கு வேறு வேலை. இடையில் விரல் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் திரையைத் தள்ளுவதாக எடுத்துக்கொள்ளும். அப்பத்தா பலமாக அழுத்த அழுத்த, விரல் கண்ணாடியில் தங்கும் நேரம் கூடுகிறது, சதை பரவி விரலும் லேசாக நகர்கிறது. அதாவது அவர் எவ்வளவு கவனமாகச் செய்தாரோ அவ்வளவுக்குக் கைப்பேசி தவறாகப் புரிந்துகொண்டது. அரை விநாடி என்ற அந்தக் கணக்கு வேகமான இளம் விரல்களுக்குத்தான் பொருந்தும். இதை அவர் தப்பு என்று நாங்கள் நினைத்திருந்ததுதான் எனக்கு வருத்தம்.

ஏன் அவர் விரலை எடுக்கவில்லை? பதில் வராததால். டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1980-களில் இதைத் தெளிவாகச் சொன்னார். மனிதனுக்கும் கருவிக்கும் நடுவே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. நினைத்ததை எப்படிச் செய்வது என்பது ஒன்று, செய்தது நடந்ததா என்பது மற்றொன்று. மணிப்பூட்டு இரண்டாவது பள்ளத்தை ஒரு டிங்கில் தாண்டிவிடுகிறது. வழவழப்பான கண்ணாடியில் அந்த டிங் இல்லை.

அந்தப் பதில் எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் ராபர்ட் மில்லர் 1968-லேயே எழுதியது இன்றும் பயன்படுகிறது. விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் வந்தால் நம் கையே அதைச் செய்ததாகத் தோன்றும். ஒரு விநாடி ஆனால் தாமதம் உறைக்கும், ஆனாலும் நினைப்பு அறுந்துபோகாது. பத்து விநாடி தாண்டினால் மனசு வேறு பக்கம் போய்விடும். கைப்பேசி அதிர்வதும் இதற்காகத்தான். பல கைப்பேசிகளில், உள்ளே இருக்கும் குட்டி மோட்டாரின் அச்சில் ஒரு பக்கமாகக் கனம் வைத்திருப்பார்கள், அது சுற்றினால் கருவி நடுங்கும். 2016-ல் வந்த ஐபோன் 7-ன் கீழ்ப் பொத்தான் உண்மையில் அசையவே அசையாது. அழுத்தியதும் வரும் ஒரு கச்சிதமான அதிர்வு, பொத்தான் உள்ளே போனதாக விரலை நம்ப வைத்துவிடும்.

நம்மூர்க் கடைகளில் இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. யுபிஐ 2016-ல் வந்தது. அப்புறம் சில வருஷங்களில் காரைக்குடி சந்தையில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே ஒரு பேசும் பெட்டி வந்து உட்கார்ந்தது. நாம் க்யூஆர் கோடைப் படம்பிடித்துப் பணம் அனுப்பியதும், வங்கி சரி என்ற பிறகு, சர்வரிலிருந்து அந்தப் பெட்டிக்குச் செய்தி போகும், இவ்வளவு பணம் வந்தது என்று பெட்டி சத்தமாகச் சொல்லும். பல பெட்டிகளில் தனியாக ஒரு சிம் கார்டே இருக்கும், கடைக்காரரின் கைப்பேசியை எதிர்பார்க்காது. கை மண்ணாக இருந்தாலும், எழுத்துப் படிக்க வராவிட்டாலும், கூட்டத்தில் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாவிட்டாலும் காதுக்குச் செய்தி வந்துவிடும். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரே நேரத்தில் கேட்பதால், பணம் வந்ததா என்ற பேச்சே எழாது.

பெட்டி வாய் திறக்காத நாளில் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு கடையில் 640 ரூபாய் அனுப்பினேன். செயலியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, கீழே ‘பரிவர்த்தனை செயலாக்கத்தில் உள்ளது’ என்று ஒரு வரி. கடைக்காரர் என்னைப் பார்க்க, பின்னால் ஆட்கள் நிற்க, மறுபடி அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்து இரண்டும் போய்ச் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு யுபிஐ பணத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று தனியாக உண்டு. புதிதாக க்யூஆர் கோடைப் படம்பிடித்தால் அது புதிய எண், புதிய பணம். முதலில் அனுப்பியதையே திரும்ப அனுப்புகிறோம் என்று நமக்குத்தான் தெரியும், செயலிக்குத் தெரியாது. அந்த வரி மட்டும் ‘பணம் இன்னும் போய்ச் சேரவில்லை, மறுபடி அனுப்ப வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்’ என்று இருந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன். கல்லாவில் நிற்கிற யாரும் ‘செயலாக்கத்தில் உள்ளது’ என்று பேசுவதில்லை. வரியைத் தமிழில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது, அடுத்து என்ன செய்யலாம் என்று அது சொல்ல வேண்டும்.

அப்பத்தாவின் கைப்பேசிக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு அமைப்புகளில், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் இருக்கும் பகுதியில், அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீட்டிக்க ஒரு வழி இருக்கிறது. அதை நீளமாக்கினேன். தொட்டால் அதிரும்படியும் சத்தம் வரும்படியும் வைத்தேன். ஐந்து நிமிஷ வேலை, இரண்டு வருஷமாகச் செய்யாமல் இருந்திருக்கிறோம். மறுநாள் காலை அப்பாவின் படத்தின் மேல் பழையபடியே விரலை ஊன்றினார். கைப்பேசி டொக் என்றது. விரலை எடுத்தார், அழைப்புப் போனது.

“இப்பக் கேக்குது” என்றார்.