மாசம் 90 ரூபா புடிச்சாங்களே, அது எதுக்குன்னு தெரியுமா?

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்குன்னு டிவில சொன்னப்ப எங்க லைன்ல குடியிருக்கிற அக்கா ஒருத்தங்க பனியன் கம்பெனில பேக்கிங் செக்‌ஷன்ல இருந்தாங்க, சம்பளம் 12,000. ரெண்டு மாசம் கழிச்சு கம்பெனி திறந்தப்ப "ஆர்டர் இல்லக்கா, நாங்களே கூப்பிடுறோம்"னு சூப்பர்வைசர் சொல்லி அனுப்பிட்டாரு, அப்புறம் கூப்பிடவே இல்ல. அவங்க சம்பள சீட்டு ஒண்ண எடுத்துட்டு வந்து "தம்பி, இதுல பிஎஃப் காசு எடுக்கலாமாமே"ன்னு கேட்டாங்க. நான் பார்த்தது பிஎஃப் வரிய இல்ல, அதுக்குக் கீழ இருந்த இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு இன்சூரன்ஸ்) 90 ரூபாய. அதுல வேலை போனா காசு உண்டுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லவே இல்ல, நிறைய பேருக்கு இன்னும் தெரியாது, அதான் இத எழுதுறேன்.

முதல்ல கொரோனா அப்ப நிவாரணம்னு சொன்ன மத்த ரெண்டையும் சொல்லிடறேன். 2020 மார்ச் 29ல மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டுச்சு, ஊரடங்குல மூடிக் கிடந்தாலும் எல்லா முதலாளியும் சம்பளத்த பிடித்தம் இல்லாம குடுக்கணும்னு. கேக்க நல்லாருக்கு. ஆனா மே 18ல இருந்து அந்த உத்தரவு வாபஸ், நடுவுல இருந்த ஐம்பது நாள் சம்பளத்துக்கு கம்பெனிக்காரங்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, ஜூன் 12ல கோர்ட்டு முதலாளிங்க மேல கட்டாய நடவடிக்கை வேணாம், ரெண்டு தரப்பும் உக்காந்து பேசித் தீத்துக்கோங்கன்னு சொல்லிடுச்சு. தினக்கூலிக்கு வேலை பாக்கிறவன் முதலாளிகிட்ட என்னத்தப் பேசித் தீக்கறது?

அடுத்தது பிஎஃப் கொரோனா அட்வான்ஸ். கணக்குல இருக்கிறதுல 75 சதவீதம், இல்லனா மூணு மாச பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (பஞ்சப்படி), ரெண்டுல எது கம்மியோ அது. கணக்குல 80,000 இருந்தா 75 சதவீதம் 60,000, ஆனா பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 9,000னா கைக்கு வர்றது 27,000 தான். திருப்பிக் கட்ட வேணாம். 2021ல ரெண்டாவது தடவையும் எடுக்க விட்டாங்க, 2024ல அந்த வசதிய நிறுத்திட்டாங்க. அவசரத்துக்கு உதவுச்சு, இல்லங்கல, ஆனா அது நம்ம காசு, வயசான காலத்துக்கு வச்சிருந்தத நாமளே எடுத்து சாப்பிட்டோம், நிவாரணம்னு அதுக்குப் பேரு வச்சதுதான் எனக்குப் புடிக்கல.

இஎஸ்ஐ அப்படி இல்ல, அது இன்சூரன்ஸ். 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற கம்பெனி, சம்பளம் 21,000க்குள்ளன்னா (மாற்றுத் திறனாளிக்கு 25,000) நீங்க அதுக்குள்ள வந்துருவீங்க. 2019 ஜூலைல இருந்து நம்ம பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. அக்காவோட 90 ரூபாய்க்கு கம்பெனி 390 கட்டணும். ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இதுன்னு எல்லாரும் நினைக்கிறோம். 2018 ஜூலைல இருந்தே அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு வாய்ல நுழையாத பேர்ல ஒரு திட்டம் ஓடிட்டிருக்கு, வேலை போச்சுன்னா 90 நாள் வரைக்கும் காசு, வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை.

ஆரம்பத்துல சராசரி தினசம்பளத்துல 25 சதவீதம் தான், வேலை போய் 90 நாள் கழிச்சுத்தான் கேக்கலாம், அதுவும் பழைய கம்பெனி வழியா. கொரோனா வந்ததும் இத மாத்தினாங்க: 50 சதவீதம், 30 நாள் ஆனாலே கேக்கலாம், கம்பெனிக்குப் போகாம நேரா இஎஸ்ஐ கிளை ஆபீஸுக்கே கொடுக்கலாம், காசு நேரா பேங்க் கணக்குக்கு. 2020 மார்ச் 24க்கு அப்புறம் வேலை போனவங்களுக்கு இது. முதல்ல டிசம்பர் வரைக்கும்னாங்க, அப்புறம் நீட்டிச்சாங்க. முத்திரைத்தாள்ல அஃபிடவிட் வேணும்னு ஒரு தொல்லை இருந்துச்சு, ஆதாரும் பாஸ்புக்கும் ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல ஏத்திட்டா பேப்பர் கொண்டு வர வேணாம்னு 2020 நவம்பர்ல அதையும் எடுத்துட்டாங்க.

கண்டிஷன் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க. இன்சூரன்ஸ்ல சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கணும். ஏப்ரல்ல இருந்து செப்டம்பர், அக்டோபர்ல இருந்து மார்ச்னு ஆறு ஆறு மாசமா கணக்கு வைப்பாங்க, வேலை போறதுக்கு முந்தின ஆறு மாசத்துல 78 நாள் சந்தா கட்டியிருக்கணும், அதுக்கு முன்னாடி இருக்கிற மூணு ஆறு மாசத்துல ஏதாவது ஒண்ணுலயாவது இன்னொரு 78 நாள் இருக்கணும். ஒழுங்கு நடவடிக்கைல தூக்கினவங்க, தானா விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) வாங்கினவங்க, ரிட்டையர் ஆனவங்களுக்குக் கிடையாது.

காசு எவ்வளவுன்னு அக்காவுக்கு ஒரு பழைய காலண்டர் தாள் பின்னாடி போட்டுக் காட்டினேன். அந்த நாலு ஆறு மாசத்துல வாங்கின மொத்தச் சம்பளத்த 730 ஆல வகுக்கணும். 24 மாசமும் 12,000 வாங்கியிருந்தா 2,88,000, வகுத்தா ஒரு நாளைக்கு 394 ரூபா சொச்சம், அதுல பாதி 197, 90 நாளைக்கு கிட்டத்தட்ட 17,750. ஆனா அவங்க நடுவுல பொண்ணு பிரசவம்னு ஊருக்குப் போய் 15 மாசம் தான் வேலை பாத்திருந்தாங்க, மொத்தம் 1,80,000, அப்பவும் அதே 730 ஆலதான் வகுக்கிறாங்க, அதனால 90 நாளைக்கு 11,100 கிட்ட தான் வரும். "அவ்வளவா வரும்?"னு கேட்டாங்க. அவங்களுக்கு மூணு மாச வாடகைக்கு மேல அது.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, கம்பெனி இவங்கள வேலைய விட்டு நிறுத்தினதா எங்கயும் காட்டல. மாசாமாசம் இஎஸ்ஐ சந்தா ஏத்தும்போது வேலை நாள் பூஜ்ஜியம்னா காரணம் போடணும், லீவா, வேலைய விட்டாச்சா, வேலை இல்லையான்னு. இவங்களுக்கு லீவுன்னே போட்டுட்டு இருந்திருக்காங்க. கிளை ஆபீஸ்ல சரிபார்க்கும்போது ஆள் வேலைல இருக்கிற மாதிரி தெரியுது, அவங்களும் என்ன பண்ணுவாங்க. "கூப்பிடுறோம்"ங்கிற ஒரு வார்த்தைல ஆள் வேலைலயும் இல்ல, வேலை போனவங்கள்லயும் இல்ல. மூணு தடவை கணக்குப்பிள்ளைய போய்ப் பார்த்து, கடைசி வேலை நாள் தேதிய போட வச்சோம், அதுக்கப்புறம்தான் விண்ணப்பம் நகர்ந்துச்சு. அதனால வேலை போச்சுன்னா அழறதுக்கு முன்னாடி கடைசி தேதிய இஎஸ்ஐ போர்டல்ல போடச் சொல்லி கம்பெனில கேளுங்க, ஆதாரும் பேங்க் கணக்கும் உங்க இன்சூரன்ஸ் நம்பரோட சேர்ந்திருக்கான்னு பாருங்க, பேர்ல இனிஷியல் ஒண்ணுல முன்னாடியும் ஒண்ணுல பின்னாடியும் இருந்தா அதையும் இப்பவே சரி பண்ணிக்கோங்க.

உடம்பு சரியில்லாம படுத்தா அது வேற கணக்கு, டாக்டர் சர்டிபிகேட் இருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம், கொரோனாவுக்கும் அது பொருந்துச்சு. கொரோனால செத்துப்போனவங்க குடும்பத்துக்கு மாசாமாசம் பென்ஷன் குடுக்கவும் தனியா ஒரு திட்டம் வந்துச்சு, சராசரி சம்பளத்துல 90 சதவீதத்த மனைவி, பிள்ளைங்கன்னு பங்கு பிரிச்சு, மாசம் குறைஞ்சது 1,800 ரூபா.

வீட்டு வேலை, அஞ்சு பேர் இருக்கிற டெய்லர் கடை, இவங்க யாருக்கும் இது ஒண்ணும் இல்ல. தமிழ்நாட்டுல அரிசி கார்டுக்கு 2020ல 1,000 ரூபா, 2021ல ரெண்டு தவணையா 4,000 குடுத்தாங்க.

அடல் திட்டத்த அப்பப்ப நீட்டிச்சு நீட்டிச்சுத்தான் ஓட்டுறாங்க, அதனால இப்ப திட்டம் இருக்கா, என்ன சதவீதம், என்ன தேதின்னு உங்க ஏரியா கிளை ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. போகும்போது சம்பள சீட்டக் கையில எடுத்துட்டுப் போங்க, அதுல மேல பத்து இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், அதுதான் உங்க இன்சூரன்ஸ் நம்பர்.