அது உங்கள் ஸ்பீக்கருக்கு மயங்கி வரவில்லை

காட்டுக்கோழியை வரவழைக்க ஸ்பீக்கரில் அதன் குரலைப் போடுகிறவர்களைப் பார்ப்பது இந்த மார்ச்சில் மட்டும் இது நான்காவது தடவை. அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் மலையின் கீழ்ப்பகுதியில், பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடி போகிற வழியில் ஒரு காபித் தோட்டம், காலை ஆறு மணி. பறவை பார்க்க வந்த இருவரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். எங்களுக்கு முன்பே ஆறேழு பேர் அங்கே நின்றார்கள். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், அதில் காட்டுக்கோழிச் சேவல் கூவுகிற பதிவு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. உண்ணிச்செடிப் புதரிலிருந்து நிஜச் சேவல் வெளியே ஓடி வருகிறது, கழுத்தை நீட்டிப் பார்க்கிறது, கூவுகிறது, உள்ளே போகிறது, மறுபடி வருகிறது. நான் பார்த்தவரையில் பதினொரு தடவை. கேமரா வைத்திருந்த தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்: "அண்ணா, பாருங்க, பாட்டு கேட்டு எவ்வளவு ஆசையா வருது!"

ஆசையாவது ஒன்றாவது. இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் படித்தவர், படிக்காதவர், ஐந்து லட்சம் ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவர் எல்லோரும் இதையே சொல்கிறார்கள்.

பிப்ரவரியிலிருந்து மே வரை இனப்பெருக்கக் காலம். அந்த மாதங்களில் சேவல் விடியலிலும் அந்தியிலும் கூவுவதில் பெட்டைக்கான சேதியும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைவிட உரக்க அது சொல்வது அடுத்த சேவலுக்கு: இந்த ஓடையிலிருந்து அந்தப் பாறை வரை என்னுடையது, வராதே. பட்டா மாதிரி. உங்கள் தோட்டத்துக்கு நடுவில் முன்பின் தெரியாத ஒருத்தன் விடிகாலையில் வந்து சர்வே கல் நட்டால் நீங்கள் எப்படிப் பதறி ஓடுவீர்களோ, வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல், அப்படித்தான் அது ஓடி வருகிறது. வந்து பார்த்தால் ஆள் இல்லை, குரல் மட்டும் கேட்கிறது. திரும்பிப் போனால் மறுபடி அதே குரல். சண்டை போட எதிரி கிடைக்காத சண்டையில் ஒரு காலைப்பொழுது முழுக்க வீணாகிறது. அது இரை தேட வேண்டிய நேரம், பெட்டையோடு இருக்க வேண்டிய நேரம், கீரி வருகிறதா, பருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டிய நேரம். இதில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு படம். அதுவும் கொண்டை விறைத்த, மிரண்ட சேவலின் படம்.

கவுதாரி பிடிப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நம் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள். கூண்டில் பழகிய கவுதாரி ஒன்றை வைத்துச் சுற்றிலும் கண்ணி கட்டுவார்கள். அது கத்தும், காட்டுக் கவுதாரி சண்டைக்கு வரும், மாட்டும். இப்படி வைக்கிற விலங்குக்கும் பறவைக்கும் பழந்தமிழில் 'பார்வை' என்றே பெயர் உண்டு. உங்கள் ஸ்பீக்கர் அந்தப் பார்வைதான், கண்ணி மட்டும் இல்லை. காட்டுக்கோழியைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும், "நாங்க பிடிக்கலையே" என்பார்கள். சரி, பிடிக்கவில்லை.

அந்தக் குழுவில் இருந்த அக்கா ஒருவர் இன்னொன்று கேட்டார். வெளிநாட்டில் கோழி மாதிரி ஒன்று கூட்டமாக வந்து ஆடுவதை வீடியோவில் பார்த்தாராம், அது இங்கே எந்த இடத்தில் ஆடும்? அவர் பார்த்தது க்ரௌஸ். அக்கா, அது வடக்கே குளிர்நாட்டுப் பறவை. இந்தியாவிலேயே கிடையாது. சமவெளியின் வறண்ட பக்கங்களில் இருக்கிற கல்கவுதாரிக்கு ஆங்கிலேயர் சாண்ட்க்ரௌஸ் என்று பெயர் வைத்துக் குழப்பிவிட்டார்கள், இரண்டுக்கும் சொந்தபந்தம் ஒன்றும் இல்லை. க்ரௌஸ் இனத்தில் கருங்க்ரௌஸ், கேப்பர்கெய்லி போன்றவற்றின் சேவல்கள் விடியலில் ஒரு பொது இடத்தில் கூடி ஆடும். நம் காட்டுக்கோழி அப்படிச் சபை கூட்டாது. ஆளுக்கொரு எல்லை, ஆளுக்கொரு கூவல்.

ஆனால் அந்த நாடுகளில் க்ரௌஸ் ஆடுவதைப் பார்க்கிற முறையை நாம் கடன் வாங்கலாம். இருட்டு விலகும் முன்பே மறைவிடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும், பறவைகள் தாங்களாகக் கலைந்து போகும் வரை வெளியே வரக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2021-22 கணக்கெடுப்பில் கேப்பர்கெய்லி சுமார் 532 தான் மிஞ்சியிருந்தன. அது ஆடும் இடத்தில் போய்த் தொந்தரவு செய்வது அங்கே சட்டப்படி குற்றம். அந்தச் சேவலின் பாட்டும் வேடிக்கையானது. டக் டக் என்று ஆரம்பித்து வேகம் கூடி, பாட்டில் மூடி திறந்தது போல ஒரு சத்தம் வந்து, கத்தி தீட்டுவது போல முடியும். அந்தக் கடைசிச் சில நொடிகள் அதற்குக் காது கேட்காது. அந்த நேரம் பார்த்து இரண்டு மூன்று எட்டு வைத்து வேடர்கள் நெருங்குவார்களாம். நம் சேவலுக்கு அப்படிச் செவிட்டு நேரம் எதுவும் கிடையாது. உங்கள் செருப்புக்கடியில் சருகு நொறுங்குவது அதற்கு எப்போதும் கேட்கும்.

நானும் யோக்கியன் இல்லை, சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் முன்பு, ஊருக்குக் கிளம்பும் நாள் வரை சோலைக்கிளியைப் பார்க்க முடியாமல் வாடிப்போன விருந்தினர் ஒருவருக்காக, கொடைக்கானல் பக்கம் ஒரு சோலையில் அதன் குரலைப் போட்டேன். (பெயரில்தான் கிளி, உண்மையில் அது சின்னஞ்சிறு நீலப்பறவை, இங்கே இருக்கிற வகை பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மட்டும்தான் உண்டு.) வந்தது, பார்த்தார், மகிழ்ந்தார், கை நிறையப் பணம் கொடுத்தார். அதற்கடுத்த வாரமெல்லாம் அதே மரத்தடியில் காத்திருந்தும் ஒரு சத்தம் இல்லை. அதோடு விட்டேன். கணக்கெடுப்பில் சில பறவைகளுக்குக் குரல் போடுவது உண்டுதான், ஆனால் அது வனத்துறை அனுமதியோடு, கொஞ்ச நேரம் மட்டும். சனி ஞாயிறு வந்து நாற்பது நிமிடம் ஓட்டுவதற்கு அதைச் சாக்காகச் சொல்லாதீர்கள். கொடைக்கானல் மலைக்காடுகளில் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம் என்பதும் நினைவில் இருக்கட்டும். மெர்லின் மாதிரி செயலியில் குரலைக் கேட்டு பறவை எது என்று தெரிந்துகொள்வது நல்ல விஷயம், நானே செய்கிறேன். அதிலேயே இருக்கிற பிளே பொத்தான்தான் பிரச்சினை. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம் பெட்டை. இதைக் கோபமாக இல்லாமல் கெஞ்சித்தான் கேட்கிறேன். கூடு என்று தனியாக ஒன்றும் கட்டாது. புதரடியில் சருகைக் கொஞ்சம் கீறி நான்கிலிருந்து ஏழு முட்டை, அவ்வளவுதான். மூன்று வாரம் அது ஒன்றே அடைகாக்கும். படத்துக்காக நீங்கள் பாதையை விட்டு இறங்கி நடக்கும்போது உங்கள் காலடியிலிருந்து பெட்டை படபடவென்று எழும்பினால், அப்படியே நின்று, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். முட்டையைப் படமெடுக்காதீர்கள். அடையாளத்துக்குக் குச்சி நடாதீர்கள். மேலே காக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அன்று அந்தத் தோட்டத்தில் அப்படித்தான் ஆனது. ஐந்து முட்டையில் இரண்டு போயிற்று, மூன்றாவது யார் காலிலோ நசுங்கியிருந்தது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. நாயை அழைத்து வராதீர்கள், கயிற்றில் கட்டியிருந்தாலும். சாலையோரம் அரிசி இறைத்துப் படமெடுக்காதீர்கள், வண்டியில் அடிபடுகிறது. இருட்டில் தோட்டத்துக்குள் தனியாக நடக்காதீர்கள். காட்டுமாடு நிற்பது பத்தடி முன்னால் வரும்வரை தெரியாது, கீழ்ச் சரிவுகளில் யானையும் வரும். ஜீப்பை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி உட்காருங்கள். அதைவிட நல்ல மறைவிடம் இல்லை.

ஒன்றுமே முடியாவிட்டால் தங்கியிருக்கிற வீட்டுத் திண்ணை போதும். ஐந்தரைக்கு ஒரு காபியோடு உட்காருங்கள். முதலில் தூரத்தில் ஒன்று கூவும். கொக்கரக்கோ என்று இழுக்காது, கத்தரித்த மாதிரி 'குக்... காயா காயா குக்' என்று முடிந்துவிடும். இன்னொரு சரிவிலிருந்து பதில் வரும். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம். என்னோடு வந்த இருவரில் ஒருவர் பள்ளிக்கூடப் பையன், மறுநாள் திண்ணையிலிருந்தபடியே நோட்டில் கோடு போட்டு ஏழு சேவல் எண்ணினான். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறவர்களை இப்போது முதலில் அந்தத் திண்ணைக்குத்தான் அனுப்புகிறேன்.

இல்லை, படம்தான் வேண்டும் என்றால் மே முடிவதற்குள் வாருங்கள், வண்டிக்கு இ-பாஸ் தேவையென்றால் எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு. அதற்குப் பிறகு சேவல் அந்தப் புள்ளி போட்ட கழுத்திறகை உதிர்த்துவிட்டு மழையில் நனைந்த பெட்டை மாதிரி நிற்கும். "அண்ணா, நீங்க சொன்ன பறவை இதுவா?" என்று அப்போது என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.