தைராய்டு மிக அதிகமாகச் சுரந்தால்: அரசு மருத்துவமனையும் காப்பீட்டுக் கார்டும்

கையை நீட்டி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி அளவு மீறிச் சுரப்பவர்களுக்கு அந்தத் தாள் படபடவென்று ஆடும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலும் வியர்க்கும். பெரும்பாலும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய்தான் காரணமாக இருக்கும்.

"கார்டு எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று நாளைத் தள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்க எந்தக் கார்டும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் ரத்தப் பரிசோதனை, சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை, படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் எல்லாம் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் தைராய்டு போன்ற சுரப்பிகளின் அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது.

கார்டு உதவுவது படுக்கையில் சேரும்போதும் ஆபரேஷனுக்கும்தான். ஓபியில் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குக் காப்பீட்டுப் பணம் வராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 72,000 ரூபாய். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வரம்பே கிடையாது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. தனியார் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், அது திட்டத்தில் சேர்ந்ததா, தைராய்டு ஆபரேஷனுக்கு அங்கே அனுமதி உண்டா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பலர் பொறுமை இழப்பது ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில்தான். "ரத்தத்தில் தைராய்டு சுரப்பின் அளவு இறங்கட்டும், அப்புறம் வாங்க" என்று டாக்டர் திருப்பி அனுப்புவார். அலைக்கழிக்கிறார்கள் என்று கோபப்பட்டு, கடன் வாங்கித் தனியாரிடம் ஓடுகிறார்கள். உண்மையில் அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான். அளவு எகிறியிருக்கும்போது கத்தி வைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்து இறக்குவார்கள். கடைசிப் பத்து நாள் பலருக்கு அயோடின் சொட்டும் உண்டு. அந்தப் பழுப்பு நிறச் சொட்டைப் பாலிலோ தண்ணீரிலோ கலந்து குடிக்கச் சொல்வார்கள். இந்த நாட்களில் மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சலோடு தொண்டை வலித்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போய் வெள்ளையணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். அரிதாக அந்த அணுக்கள் மளமளவென்று குறைந்துவிடும். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்தே மாறும்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும், வேறு நோய்த்தொற்று வந்தவர்களுக்கும் தைராய்டு புயல் என்ற நிலை வரலாம். கடும் காய்ச்சல், 140-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, பேச்சில் தடுமாற்றம் போன்றவை சேர்ந்து வரலாம். அப்போது பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பழைய ஓபி சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். நோயாளியால் பேச முடியாதபோது தைராய்டு என்பதை டாக்டருக்கு அவைதான் சொல்லும். கார்டு வேலையை, உள்ளே சேர்த்த பிறகு வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.