சொல் விளக்கம்: நாணயக் கொள்கை

சென்ற ஆண்டு நூலகத்தில் நடந்த ஒரு தமிழ் நிகழ்ச்சியில், பொருளியல் பேராசிரியர் ஒருவரை அவையோருக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. அவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் பாடம், மத்திய வங்கி ஒன்றில் சில ஆண்டுகள் ஆலோசனை, மறுபடியும் பல்கலைக்கழகம் என்று ஓடிய வாழ்க்கை. அதன் சாரமெல்லாம் இரண்டே தொடர்களில் இருந்தது: மானிட்டரி பாலிசி, பேங்க் ரெகுலேஷன். முதல் வரைவில் கை தன்போக்கில் ‘நிதிக் கொள்கை ஆய்வாளர்’ என்று எழுதிவிட்டது. இரவு மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. அவர் முப்பது ஆண்டுகள் ஆராய்ந்தது நிதிக் கொள்கையை இல்லையே! இதயநோய் மருத்துவரைப் பல் மருத்துவர் என்று மேடையில் அழைப்பது போல ஆகியிருக்கும்.

இந்தத் தவறு எனக்கு மட்டும் நேர்வதில்லை. இந்திய ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தை முடிவுசெய்யும் குழுவைத் தமிழ்ச் செய்திகளில் ‘நிதிக் கொள்கைக் குழு’ என்று எழுதுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. நிதிக் கொள்கை என்றால் அரசின் வரவும் செலவும். எவ்வளவு வரி வாங்குவது, எதற்குச் செலவழிப்பது, பற்றாக்குறைக்கு எங்கே கடன் வாங்குவது. நம் சிங்கப்பூரில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி, வீட்டுக்கு வரும் சிடிசி (சமூக மேம்பாட்டு மன்றப்) பற்றுச்சீட்டு, வரவுசெலவுத் திட்ட உரை, எல்லாம் அந்தப் பக்கம். மானிட்டரி பாலிசி வேறு. கையில் இருக்கும் பணத்தின் மதிப்பு கரையாமல் காப்பது அதன் வேலை. அதற்கான கருவிகள் வட்டி விகிதம், நாணய மாற்று விகிதம், வங்கிகளிடம் புழங்கும் பணத்தின் அளவு.

தமிழ் பேசும் நாடுகள் இதற்கு வெவ்வேறு சொற்களை வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘பணவியல் கொள்கை’ என்கின்றன. அது பிழையில்லை. ஆனால் பணவியல் என்பது ஒரு படிப்பின் பெயர் போல இருப்பதால், கொள்கையோடு சேரும்போது சற்று விறைப்பாக நிற்கிறது. இலங்கையில் ‘நாணயக் கொள்கை’, அதற்கு எதிரே ‘இறைக் கொள்கை’. இறை என்றால் வரி, பழைய சொல். இந்த இணை எனக்கு மிகவும் பிடிக்கும். சிங்கப்பூரில் நமக்குக் குழம்ப வழியே இல்லை, ஏனென்றால் நிறுவனங்களின் பெயரிலேயே விடை இருக்கிறது. நிதிக் கொள்கை நிதி அமைச்சுடையது, நாணயக் கொள்கை சிங்கப்பூர் நாணய ஆணையத்துடையது. இவ்வளவு தெளிவான பெயர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் தடுமாறியதுதான் வருத்தம்.

இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியது ஏன் என்பதற்கு சி. ரங்கராஜனின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். அரியலூரில் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர். 1982இல் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர், 1992இல் ஆளுநர். அந்தக் காலத்தில் இந்திய அரசுக்குச் செலவுக்குப் பணம் போதவில்லை என்றால், தற்காலிகக் கருவூல உண்டியல் என்ற கடன் பத்திரம் ஒன்றை எழுதிக் கொடுத்து ரிசர்வ் வங்கியிடம் வாங்கிக்கொள்ளும். வங்கியால் மறுக்க முடியாது. அதாவது நிதிக் கொள்கையில் விழும் ஓட்டையை நாணயக் கொள்கை புதுப் பணம் போட்டு அடைத்துக்கொண்டே இருக்கும். அதன் சுமை விலைவாசியில் வந்து விடியும். ரங்கராஜன் அரசோடு பேசி, 1994இல் உடன்பாடு எழுதி, 1997இல் அந்த வழக்கத்தை முடித்துவைத்தார். வகுப்பறையில் கற்பித்த ஒரு வேறுபாட்டை நாட்டின் நடைமுறையாக மாற்றிய வேலை அது. அதை இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு எழுதினால் வாசகருக்கு ஒன்றுமே விளங்காது.

சரி, நாணயம் என்ற சொல்லுக்கு வருவோம். வடமொழியில் ‘நாணக’ என்றால் காசு. அதிலிருந்து தமிழுக்கு வந்தது நாணயம். அந்த ‘நாணக’ எங்கிருந்து வந்தது? பழங்காலத்தில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட குஷாணர்கள் வெளியிட்ட காசுகளில் நனா என்ற பெண் தெய்வத்தின் உருவமும் பெயரும் இருக்கும். அந்தப் பெயர்தான் காசுக்கு ஆகிவந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஆங்கிலச் சொல்லின் மூலத்தைத் தேடிப் போனாலும் ஒரு தெய்வத்தின் வாசலில்தான் போய் நிற்கிறோம். பழைய ரோமில் ஜூனோ மொனேட்டா என்ற தெய்வத்தின் கோயிலை ஒட்டித்தான் காசு அடித்தார்கள். மொனேட்டா என்ற பெயரே காசுச்சாலைக்கும் காசுக்கும் ஆயிற்று. ஆங்கிலத்தின் மனியும் மானிட்டரியும் அதன் வழி வந்தவை. எச்சரிப்பவள் என்று ரோமானியர்கள் அந்தப் பெயருக்குப் பொருள் சொன்னார்கள்.

நம் மொழியில் காசுக்குச் சொற்பஞ்சம் இருந்ததே இல்லை. காசு, பொன், பணம் எல்லாமே ஒரு காலத்தில் தனித்தனி நாணயங்கள். ஆசிய நாடுகளின் சிறு காசை ஆங்கிலேயர்கள் கேஷ் என்று எழுதியதும், தென்னிந்தியச் சிறு நாணயத்தை ஃபனம் என்று எழுதியதும் நம் காசையும் பணத்தையும்தான். சிங்கப்பூரிலோ இன்றும் டாலரை ‘வெள்ளி’ என்கிறோம். கோப்பிக் கடையில் “ரெண்டு வெள்ளி” என்று சொல்லும்போது, ஸ்பெயின், மெக்சிகோ வெள்ளிக் காசுகள் இந்தத் துறைமுகத்தில் புழங்கிய காலம் நம் வாயில் இன்னும் இருக்கிறது. சட்டைப்பையில் இருக்கும் ஐம்பது காசை எடுத்துப் பாருங்கள். நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் இருக்கும், தமிழிலும் ‘சிங்கப்பூர்’ என்று.

ஆனால் நாணயம் இந்தச் சொற்களையெல்லாம் தாண்டி ஒரு இடத்துக்குப் போனது. அது தமிழில் நேர்மை என்றும் பொருள்பட்டது. ‘நாணயமான மனுஷர்’, ‘வாக்கு நாணயம்’, ‘நாணயஸ்தர்’. கொடுக்கல் வாங்கலில் சொன்ன தேதியில் சொன்ன தொகையைத் திருப்பித் தருபவர் நாணயமானவர். ‘நா நயம்’ தான் நாணயம் ஆயிற்று என்று மேடைகளில் பிரித்துக் காட்டுவார்கள். கேட்க இனிமையாக இருந்தாலும் சொல் வரலாறு அப்படி இல்லை. காசுக்கு ஏற்பட்ட சொல்தான் மனிதரின் குணத்துக்கு ஏறியது. மாற்றுக் குறையாத காசு எப்படியோ, அப்படி அந்த ஆள்.

பேராசிரியரின் கட்டுரைகளைப் புரிந்தவரை படித்துப் பார்த்தபோது, அவருடைய துறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்று தோன்றியது. பணம் என்பதே ஒரு வாக்குறுதி. வங்கி அதைவிடப் பெரிய வாக்குறுதி. 1983இல் டக்ளஸ் டைமண்ட், ஃபிலிப் டிப்விக் இருவரும் இதை ஒரு கணித மாதிரியாக்கிக் காட்டினார்கள். நாம் போட்ட பணத்தை எந்த நேரத்திலும் கேட்கலாம். வங்கியோ அதைப் பத்து, இருபது ஆண்டுத் தவணையில் வீட்டுக் கடனாகக் கொடுத்திருக்கும். எல்லாரும் ஒரே நாளில் வாசலில் வந்து நின்றால், ஒழுங்காக நடக்கிற வங்கியும் விழுந்துவிடும். விழும் என்ற பயமே விழவைக்கும். இந்த ஆய்வுக்காக இருவருக்கும், பென் பெர்னான்கேயின் ஆய்வையும் சேர்த்து, 2022இல் நோபெல் பரிசு கிடைத்தது. சிங்கப்பூரில் ஒரு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் சேமிப்பில் 100,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு, 2024 ஏப்ரலிலிருந்து. அந்த ஏற்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. வரிசையில் போய் நிற்கும் எண்ணமே மக்களுக்கு வராமல் பார்த்துக்கொள்வது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மற்ற நாடுகளில் நாணயக் கொள்கை என்றால் வட்டி விகிதம்தான் நினைவுக்கு வரும். நம் நாணய ஆணையம், 1971இல் தொடங்கப்பட்டது, வட்டியைக் கையில் எடுப்பதில்லை. லண்டனில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற டாக்டர் கோ கெங் சுவீ 1980இல் அதன் தலைவரானார். 1981 முதல் நாணய மாற்று விகிதமே நம் கொள்கையின் கருவி. முக்கிய வணிகப் பங்காளி நாடுகளின் நாணயங்களைக் கொண்ட ஒரு கூடை, அதற்கு எதிரே சிங்கப்பூர் வெள்ளி. வெள்ளியின் மதிப்பை ஒரு பட்டைக்குள் ஏறி இறங்க விட்டு, அந்தப் பட்டையின் சரிவையும், வேண்டும்போது அதன் அகலத்தையும் நடுமட்டத்தையும் ஆணையம் மாற்றும்.

இது ஏன் என்பதைத் தேக்கா சந்தையில் நின்றால் கண்ணால் பார்க்கலாம். கறிவேப்பிலை, வெங்காயம், பொன்னி அரிசி, ஆட்டிறைச்சி, ஒவ்வொன்றும் கடல் தாண்டியோ பாலம் தாண்டியோ வந்தது. வட்டியை ஏற்றினால் வெங்காயம் விளையும் ஊரில் விலை குறையப் போவதில்லை. வெள்ளியின் மதிப்பு ஏறினால், அதே வெங்காயம் இங்கே இறங்கும்போது மலிவாக இருக்கும். 2021 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்குள் ஐந்து முறை ஆணையம் கொள்கையை இறுக்கியது இந்தக் கணக்கில்தான். 1973 வரை நம் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. இன்று ஜோகூர் பாருவுக்குப் போகிறவர்கள் ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறார்கள்.

பேங்க் ரெகுலேஷனுக்கு வருகிறேன். ‘வங்கிக் கட்டுப்பாடு’ என்று எழுதாதீர்கள். கட்டுப்பாடு என்றால் கையைக் கட்டுவது. ‘ஒழுங்குமுறை’ தான் சரி. இலத்தீனில் ரெகுலா என்றால் நேரான கோல். நாம் செங்கோல் என்று சொன்னது அந்த எண்ணம்தானே? வளையாத கோல், எல்லாருக்கும் ஒரே அளவு. வங்கி தான் கொடுக்கும் கடனுக்கு எதிராகச் சொந்த மூலதனம் எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்பது அப்படி ஒரு அளவு. வங்கிகளுக்கான பன்னாட்டு விதியான பாசல் உடன்பாடு, கடனின் ஆபத்துக்கு ஏற்பக் கணக்கிட்ட சொத்தில் குறைந்தது 8 விழுக்காடு என்கிறது. சிங்கப்பூரில் பதிவான வங்கிகளுக்கு நம் ஆணையம் 10 கேட்கிறது. அந்த விதியைக் கடைப்பிடிக்கிறார்களா என்று உள்ளே போய்ப் பார்ப்பது ‘மேற்பார்வை’, அது தனி. முன்னெச்சரிக்கையைக் குறிக்கும் புருடென்ஷியல் என்ற அடைமொழிக்கு இலங்கை ஆவணங்களில் ‘முன்மதி’ என்று வரும். அதை நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இன்னொரு சொல் கண்ணில் பட்டது. நோட்டம். இப்போது திருடன் வீட்டை நோட்டம் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். முன்பு நோட்டம் என்றால் நாணயத்தைச் சோதித்துப் பார்க்கும் தொழில், அதைச் செய்பவர் நோட்டக்காரர். அதற்கும் முன்னால் சங்க காலத்தில் ‘வண்ணக்கன்’ என்றார்கள். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒரு புலவரின் பெயரிலேயே அந்தத் தொழில் இருக்கிறது. சிராங்கூன் சாலைப் பக்கம் நாணய மாற்றுக் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் ஐம்பது வெள்ளித் தாளை விரலால் தடவி, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடுவார். ஒரு நொடிதான். அதுதான் நோட்டம். வங்கி ஒழுங்குமுறையை ஆராயும் பொருளியலாளர் தாளுக்குப் பதில் வங்கியையே அப்படித் தூக்கிப் பார்க்கிறார்.

பார்த்தால் என்ன நடக்கும், பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. பி.சி.சி.ஐ. என்ற பன்னாட்டு வங்கி இங்கே உரிமம் கேட்டு மீண்டும் மீண்டும் வந்தது. நாணய ஆணையம் கொடுக்கவில்லை. 1991இல் பல நாடுகள் சேர்ந்து அந்த வங்கியை மோசடிக்காக இழுத்து மூடின. நான்கே ஆண்டில் மற்றது நடந்தது. 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி, அதன் சிங்கப்பூர்க் கிளையில் ஒரே ஆள் 88888 என்ற கணக்கில் மறைத்துவைத்த நட்டத்தால் 1995 பிப்ரவரியில் சாய்ந்தது. நட்டம் 827 மில்லியன் பவுண்டு. வணிகம் செய்பவரும் அவரே, கணக்கைச் சரிபார்ப்பவரும் அவரே என்று லண்டன் தலைமையகம் விட்டுவைத்திருந்தது.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ரகுராம் ராஜன் 1991இல் வங்கித் தொழில் பற்றிய ஆய்வுக்காகத்தான் முனைவர் பட்டம் பெற்றார். 2005இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில், மத்திய வங்கியாளர்கள் நிறைந்த அவையில், நிதித் துறையின் புதுமைகள் ஆபத்தைக் கூட்டியிருக்கின்றன என்று எச்சரித்தார். அன்று அந்தப் பேச்சுக்கு நல்ல வரவேற்பில்லை. மூன்றே ஆண்டில் உலக நெருக்கடி வந்தது. மொனேட்டாவுக்கு எச்சரிப்பவள் என்று பொருள் சொன்னது எனக்கு இங்கேதான் நினைவுக்கு வந்தது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மார்க்கெட் ஸ்திரீட் வழியாக நடந்துபோனேன். பழைய தமிழர்களுக்கு அது செட்டித் தெரு. கிட்டங்கிகள் என்ற வணிகக் கூடங்களில் தரையில் பாய் விரித்து, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கடன் கொடுத்த நகரத்தார் இருந்த இடம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்குக் கூடிப் பேசி வைத்துக்கொண்ட விகிதத்துக்கு ‘நடப்பு வட்டி’ என்று பெயர். இன்று நம் வீட்டுக் கடனைக் கட்டிவைத்திருக்கும் சோரா விகிதமும் வங்கிகள் தங்களுக்குள் ஒரு இரவுக்குக் கொடுத்து வாங்கும் விகிதம்தான். இன்டர்பேங்க் ரேட்டுக்கு ‘வங்கிகளுக்கிடை வட்டி வீதம்’ என்று நீட்டுகிறோம். நடப்பு வட்டி என்ற சொல் அந்தத் தெருவிலேயே கிடந்திருக்கிறது.

மேடையில் நான் சொன்னது இவ்வளவுதான்: “நாணயக் கொள்கை ஆய்விலும் வங்கி ஒழுங்குமுறையிலும் முப்பது ஆண்டுகள் உழைத்த பொருளியல் பேராசிரியர்.” எழுதும்போது நாணயக் கொள்கையில் க் வரும், நாணய ஆணையத்தில் ஒற்று வராது. நாணயவியல் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பழங்காசுகளை ஆராயும் துறை.