பிறப்புச் சான்றிதழுக்கு விலை சொல்பவரிடம் போகாதீர்கள்

தத்தெடுக்க விரும்பும் தம்பதிகளின் வீடுகளுக்குச் சென்று இல்ல ஆய்வு அறிக்கை எழுதுவது என் வேலையின் பெரும்பகுதி. வருமானச் சான்று, மருத்துவச் சான்று, வீட்டின் வசதி, அக்கம்பக்கத்தாரின் வார்த்தை எல்லாம் பார்த்து முடித்து, காபி வந்த பிறகுதான் மனத்தில் இருக்கும் கேள்விகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். சில காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு ஊர்களில் கேட்கிறேன்: “மேடம், தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். மருத்துவமனையிலேயே எங்கள் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தந்துவிடுவாராம். நாங்கள் பெற்ற பிள்ளையாகவே பதிவாகிவிடுமாம். அதில் ஏதாவது தவறு இருக்கிறதா?”

இருக்கிறது. சட்டப்படி குற்றம் என்பது முதல் பதில். அந்தப் பதிலைக் கேட்டுப் பலர் தலையாட்டிவிட்டு, நான் படியிறங்கியதும் மீண்டும் அந்தத் ‘தெரிந்தவருக்கு’ போன் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்தச் சான்றிதழ் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். வெளிநாட்டுத் தத்தெடுப்பு உலகம் முழுவதும் சரிந்துபோனதன் பின்னணியில் இதே போன்ற பொய்க் காகிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கிருந்தே தொடங்கலாம்.

2004-ஆம் ஆண்டில் அமெரிக்கர்கள் பிற நாடுகளிலிருந்து தத்தெடுத்த குழந்தைகள் ஏறத்தாழ 23,000 பேர். 2023-இல் அது 1,300-க்கும் கீழே இறங்கிவிட்டது. 1992 முதல் 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிய சீனா, நெருங்கிய உறவினர் தத்தெடுப்பு தவிர மற்ற அனைத்தையும் 2024-இல் நிறுத்திவிட்டது. பங்களாதேஷ், பிரேசில், கொலம்பியா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்த பழைய தத்துகளை ஆராய்ந்த ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கையைப் பார்த்ததும், நெதர்லாந்து அரசு 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்பை உடனடியாக நிறுத்திவைத்தது. தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவுகள் இன்னும் கடுமையானவை. பெற்றோர் இருந்த குழந்தைகளை அநாதைகள் என்று பதிவு செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு குழந்தையின் பெயரில் வேறொரு குழந்தையையும் அனுப்பியிருக்கிறார்கள்.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இலங்கையிலிருந்து 1980களில் ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குச் சென்றதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பலரைக் கையளிக்கும்போது அதிகாரிகள் முன் நின்றது பெற்ற தாய் அல்ல, கூலிக்கு அழைத்துவரப்பட்ட வேறொரு பெண். அப்படி மோசடி நடந்ததை 2017-இல் அந்நாட்டின் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன ஒப்புக்கொண்டார். சென்னையில் 2005-இல் அம்பலமான வழக்கும் மறக்கக் கூடியதல்ல. நடைபாதையிலும் குடிசைப் பகுதிகளிலும் திருடப்பட்ட குழந்தைகள் ஒரு தத்து மையத்தின் வழியாகக் கடல் கடந்து போயிருந்தார்கள். போன இடத்தில் அவர்களை வளர்த்தவர்களுக்குக் கிடைத்த காகிதங்களில் எல்லாம் ஒழுங்காகவே எழுதியிருந்தது.

அந்தக் காலத்துக் கோப்பு ஒன்றை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவில் வளர்ந்த ஒரு பெண், நாற்பதைத் தாண்டியவர், பெற்ற தாயைத் தேடி வந்திருந்தார். அவரிடம் இருந்தது தட்டச்சில் அடித்த ஐந்தாறு தாள்களின் நகல். முதல் தாளில் தாயின் வயது 22. மூன்றாவது தாளில் அதே தாய்க்கு வயது 31. ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது, மாவட்டம் இல்லை. அந்தப் பெயரில் தமிழ்நாட்டில் பல ஊர்கள் உண்டு. கடைசித் தாளில் ஒரு கைரேகை. அது யாருடையது என்று சொல்ல எவரும் இல்லை. அவர் பெரிதாக எதையும் கேட்கவில்லை. “என் மகளைப் பார்க்கும் மருத்துவர், குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்ததா என்று கேட்கிறார். அதையாவது தெரிந்துகொள்ள முடியுமா?” என்றார். அந்தக் கோப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. பொய் எழுதியவருக்கு அது ஒரு நிமிட வேலை.

1984-இல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு நெறிமுறைகள் வகுத்தது; 1990-இல் ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் வந்தது; 2003-இல் நாடுகளுக்கிடையேயான தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. இன்று குழந்தைக்கு முதலில் நாட்டுக்குள்ளேயே குடும்பம் தேட வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களிடம் செல்பவர்களில் பெரும்பாலோர் உடல்நலச் சிக்கல் உள்ளவர்கள், வயதில் பெரியவர்கள், பிரிக்கக் கூடாத உடன்பிறந்தவர்கள். நாம் தயங்கிய குழந்தைகளை அவர்கள் அழைத்துச் செல்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

எண்ணிக்கையையும் பாருங்கள். 2010-11-இல் நாட்டுக்குள் 5,693 தத்துகள், வெளிநாட்டுக்கு 628. பின்னர் உள்நாட்டு எண்ணிக்கை சரிந்து, இப்போது மெல்ல ஏறுகிறது. 2024-25-இல் மொத்தம் 4,515. அதில் 4,155 உள்நாட்டில். தத்துப் போகும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்துக்கு ஆறு பேர் பெண் பிள்ளைகள். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலத்தில், “பெண் குழந்தைதான் வேண்டும்” என்று சொல்லும் வீடுகளுக்கு நான் போய்க்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் பெண் பிள்ளைகள்தான் அதிகம் கைவிடப்படுகிறார்கள் என்பதும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

சிக்கல் வரிசையின் நீளத்தில் இருக்கிறது. பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோர் 30,000-க்கும் மேல். சட்டப்படி தத்துக்குத் தயாராக இருக்கும் குழந்தைகள் எந்தச் சமயத்தில் பார்த்தாலும் இரண்டாயிரம், மூவாயிரம் பேர்தான். அவர்களிலும் சிறப்புத் தேவையுள்ளவர்கள் பாதிக்கு மேல். இரண்டு வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான குழந்தை என்று கேட்டால் மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. கருத்தரிப்பு மையங்களில் பத்து ஆண்டுகளைக் கழித்துவிட்டு, நகையை விற்று, உறவினர் வீட்டு வளைகாப்புகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டு வருபவர்களிடம் ‘இன்னும் மூன்றரை ஆண்டு’ என்று சொல்வது எனக்கு எளிதாக இல்லை. தரகர் புகுவது அந்த இடைவெளியில்தான்.

2019-இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை பற்றி வெளியான ஒலிப்பதிவு நினைவிருக்கும். ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஏற்ப ஏற்ற இறக்கம், நகராட்சியின் பிறப்புச் சான்றிதழுக்குத் தனி விலை. வாங்கியவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலர் ஏங்கிக் களைத்தவர்கள். ஆனால் விற்றது ஓர் ஏழைத் தாயின் நெருக்கடியை.

இனி அந்தச் சான்றிதழுக்கு வருகிறேன். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத செய்தி இது: முறைப்படி தத்தெடுத்தாலும் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று உங்கள் பெயர்தான் வரும். ஆட்சியரின் தத்து ஆணையைக் கொண்டு அந்தச் சான்றிதழைப் பெறலாம். பள்ளியில், ஆதாரில், பாஸ்போர்ட்டில் எங்கும் நீங்கள்தான் தாய் தந்தை. குழந்தை எப்படி வந்தது என்ற விவரம் தத்து மையத்தின் கோப்பில் பத்திரமாக இருக்கும். பிள்ளை வளர்ந்து 18 வயதுக்குப் பின் கேட்டால், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு அதைத் தருவார்கள். தரகர் லட்சக்கணக்கில் விலை சொல்வது, சட்டம் உங்களுக்குத் தரவிருக்கும் அதே தாளின் போலிக்கு.

அந்தப் போலியோடு வளரும் பிள்ளைக்குச் சட்டத்தின் கண்ணில் நிலையே இல்லை. நீங்கள் பெற்றவர்கள் அல்ல, தத்தெடுத்தவர்களும் அல்ல. உங்கள் காலத்துக்குப் பின் சொத்தில் ஒரு பங்காளி வழக்குப் போட்டு டி.என்.ஏ. சோதனை கேட்டால், முப்பது வயதில் அந்தப் பிள்ளை நீதிமன்றக் கூண்டில் நின்று தன் பிறப்பையே முதன்முறையாக அறிந்துகொள்ளும். நடுவில் தரகர் பிடிபட்டால் போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்; குழந்தை, மாவட்டத்தில் அரசு அமைத்த குழந்தைகள் நலக்குழுவின் பொறுப்புக்குப் போகும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆவது பிரிவில் குழந்தையை வாங்குவதும் விற்பதும் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியவை. உடந்தையாக இருப்பவர் மருத்துவமனை ஊழியர் என்றால் 3 முதல் 7 ஆண்டு. நோட்டரி முத்திரையிட்ட பத்திரத் தாளில் ‘குழந்தையை ஒப்படைத்தேன்’ என்று எழுதி வாங்குவதற்கும் எந்த மதிப்பும் இல்லை.

நேர்வழி சுருக்கமாக இதுதான். காராவின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். இடையில் எவரும் தேவையில்லை. பிறகு இல்ல ஆய்வு. உங்கள் முறை வந்ததும் குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வரும். 48 மணி நேரத்துக்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அதற்கு உரிமை உண்டு. 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை வழங்குகிறார். அதன் பின் இரண்டு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் வந்து பார்ப்போம். கட்டணங்களை விதிமுறையே நிர்ணயித்திருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

வயதுக் கணக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மிகுந்த கண்ணீர் இதில்தான் வருகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 90, நான்கு முதல் எட்டு வரை 100. கணவருக்கு 45, மனைவிக்கு 42 என்றால் கூட்டினால் 87. கைக்குழந்தைக்கான வரிசை அவர்களுக்கு மூடிவிட்டது. “கடைசியாக ஒரு ஐ.வி.எஃப். பார்த்துவிட்டு வருகிறோம்” என்று போனவர்கள் இரண்டு ஆண்டு கழித்து வந்து இந்தக் கணக்கைக் கேட்டு அமைதியாகிவிடுவார்கள். சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும். தத்தெடுக்கும் எண்ணம் மனத்தில் உறுதியாகிவிட்டது என்றால் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதே வயது வரம்பைத் தாண்டியவர்களிடம் நான் சொல்வது: ஐந்து வயது, ஏழு வயதுக் குழந்தைகள் இல்லங்களில் இருக்கிறார்கள். “வளர்ந்த பிள்ளை ஒட்டாது” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒட்டும், நேரம் எடுக்கும். முதல் மாதங்களில் தட்டில் வைத்ததை ஒளித்துவைக்கும் பிள்ளை உண்டு. இரவில் எழுந்து கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் பிள்ளை உண்டு. அதைத் திருட்டு என்றும் அடங்காமை என்றும் பெயரிட்டுக் குழந்தையை மையத்துக்கே திருப்பிக் கொண்டுவந்த பெற்றோரை எனக்குத் தெரியும். இரண்டாம் முறை கைவிடப்பட்ட குழந்தையின் முகத்தைப் பார்ப்பவர் யாரும் அந்த முடிவை லேசாக எடுக்கமாட்டார்கள். ஆலோசனைக்கு வாருங்கள், ஆறு மாதம் பொறுங்கள். சிறப்புத் தேவை என்ற சொல்லுக்கும் பயப்பட வேண்டாம். அறுவை சிகிச்சையில் சரியாகும் பிளவுபட்ட உதடும் அதில் அடங்கும். அந்தக் குழந்தைகளுக்கு நீண்ட வரிசையும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கும் உள்நாட்டினருக்கும் முன்னுரிமையில் வேறுபாடு கிடையாது. ஆனால் தங்கையின் பிள்ளையை, அண்ணன் பிள்ளையை இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரம் பதிந்துகொண்டு விசாவுக்குப் போனால் அங்கே நின்றுவிடும். அந்தப் பத்திரத்தோடு காராவின் ஒப்புதலும், நீங்கள் வாழும் நாட்டின் அனுமதியும் வேண்டும். பத்திரம் பதிந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு, குழந்தை இங்கே பாட்டி வீட்டிலும் பெற்றோர் அங்கேயுமாக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. முதலில் காராவுக்கு எழுதுங்கள், பிறகு பத்திரம்.

பிள்ளையிடம் எப்போது சொல்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில் மாறியதே இல்லை: பேச்சு வரும் வயதிலேயே, உறக்கக் கதையாக. தெருவில் நான்கு பேருக்குத் தெரிந்த செய்தி பிள்ளைக்கு மட்டும் தெரியாமல் இருக்கக் கூடாது.

தரகரின் கையில் குழந்தை சேர்வதற்கு முன்னால் ஒரு தாய் இருக்கிறாள்; அவளுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். வளர்க்க முடியாத நிலையில் குழந்தையைக் குழந்தைகள் நலக்குழுவிடம் ஒப்படைப்பது குற்றமல்ல. யாருக்கும் பணம் தர வேண்டாம், எவரிடமும் பணம் வாங்கவும் வேண்டாம். பெயர் வெளியே வராது. மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். அந்த அவகாசம் முடியும்வரை குழந்தையை எவருக்கும் தத்துக் கொடுக்க மாட்டார்கள். பிரசவ வார்டில் அப்படி ஒரு பெண்ணைக் கண்டால், செவிலியர்களே, ஆயாக்களே, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.