கேசினோ கார்டில் இருக்கும் பாயின்ட்டை முடித்துவிட்டு, இனி உள்ளே போக முடியாதபடி தடை போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கு

சூதாட்டக் கடனோடு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் எவ்வளவு இழந்தீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. நேரான பதில் வராது. பாதிப் பேருக்குக் கணக்கே தெரியாது. மீதிப் பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்காகக் குறைத்துச் சொல்வார்கள். அதனால் கேசினோ மெம்பர் கார்டு இருக்கிறதா, அதில் எந்தப் படிநிலையில் இருக்கிறீர்கள், கடைசியாக எப்போது கார்டைப் போட்டு ஆடினீர்கள் என்று கேட்பேன். பதில் பட்டென்று வரும். படிநிலையைக் காட்டும் கார்டின் நிறத்தைச் சொல்லும்போது சிலர் குரலில் லேசான பெருமைகூடத் தெரியும். வீட்டை அடகு வைக்கிற நிலைக்கு வந்த பிறகும் அந்தப் பெருமை போவதில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

சிங்கப்பூரில் இருக்கும் இரண்டு கேசினோக்களும் 2010இல் திறந்தவை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆண்டு முழுவதற்கும் என்றால் 3,000 வெள்ளி கட்ட வேண்டும். 2019 ஏப்ரல் வரை இது 100, 2,000 ஆக இருந்தது. இந்தக் கட்டணத்தைக் கேசினோ திருப்பிக் கொடுப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. யோசித்துப் போகட்டும் என்பதற்காக வைத்த வேலி அது. ஆனால் வேலியைத் தாண்டி உள்ளே போனவரை மறுபடி மறுபடி வரவைக்கிற வேலையைச் செய்வது மெம்பர் கார்டு.

இந்தக் கார்டை நம்மவர்கள் பேரங்காடியின் தள்ளுபடி அட்டை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். வாங்கினால் புள்ளி, புள்ளிக்குச் சாப்பாடு. உண்மையில் அது வேறு ஒன்றை அளக்கிறது. ஜாக்பாட் மெஷினில் கார்டைச் செருகி, அதோடு இணைந்த சுருள் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் நீங்கள் வைத்த தொகை, அமுக்கிய வேகம், எழுந்துபோன நேரம் எல்லாம் பதிவாகும். பாக்கரா என்கிற சீட்டாட்ட மேசையில் கார்டைக் கொடுத்தால், மேற்பார்வையாளர் உங்கள் சராசரிப் பந்தயத்தையும் உட்கார்ந்திருந்த நேரத்தையும் குறித்துக்கொள்வார். அதிலிருந்து வருவதுதான் அந்தத் தொழிலில் ‘தியோ’ என்று சொல்கிற கணக்கு. நீங்கள் இன்று ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதைவிட, இப்படி விளையாடுகிறவர் சராசரியாக எவ்வளவு இழப்பார் என்பதே அவர்களுக்கு முக்கியம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கராவில் ஒரு கைக்கு, அதாவது ஓர் ஆட்டத்துக்கு, 50 வெள்ளி, மணிக்கு 60 கை, 4 மணி நேரம். மொத்தப் பந்தயம் 12,000 வெள்ளி. கேசினோவின் சாதகம் ஏறக்குறைய 1.2 சதவீதம். ஆக நீங்கள் இழப்பீர்கள் என்று கேசினோ எதிர்பார்ப்பது 144 வெள்ளி. அதில் ஒரு சிறு பங்குதான் புள்ளியாகவும் பஃபே கூப்பனாகவும் உங்களிடம் திரும்பி வருகிறது. உங்கள் பணத்தில் உங்களுக்கே விருந்து. அன்றைக்கு நீங்கள் நிஜமாக இழந்தது 144இல் நிற்காமல் 2,000 ஆகவும் இருந்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

மெஷினில் இந்தக் கணக்கு இன்னும் ஏமாற்றும். போட்ட 100 வெள்ளிக்கு 92 திரும்பக் கொடுக்கும்படி அமைத்த மெஷின் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 200 வெள்ளியோடு உட்கார்ந்து, ஜெயித்ததையும் திரும்பத் திரும்பப் போட்டு, 200ஐயும் முழுதாக இழக்கும்போது மொத்தம் சுமார் 2,500 வெள்ளிக்கு விளையாடி முடித்திருப்பீர்கள். புள்ளி விழுவது அந்த 2,500க்கு. திரையில் புள்ளி ஏறிக்கொண்டே இருக்கும், பணம் இறங்கிக்கொண்டே இருக்கும். கண் எதைப் பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கார்டு முறையை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்ததில் அமெரிக்காவின் ஹாராஸ் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1997இல் தன் எல்லாக் கேசினோக்களுக்கும் பொதுவான கார்டை அது கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் கேரி லவ்மன் அங்கே பொறுப்புக்கு வந்தார். கார்டுத் தகவலை ஆராய்ந்ததில் அவர்கள் கண்டது: வாடிக்கையாளர்களில் 26 சதவீதம் பேர் 82 சதவீத வருமானத்தைத் தருகிறார்கள். யார் அந்த 26 சதவீதம்? பெட்டி பெட்டியாகப் பணம் கொண்டுவரும் கோடீஸ்வரர்கள் இல்லை. ஆசிரியர், மருத்துவர், வங்கி ஊழியர், ஆலைத் தொழிலாளி என்று வேலை பார்த்து ஓய்வுபெற்ற, நடுத்தர வயதிலும் அதைத் தாண்டியும் இருக்கும் சாதாரண மனிதர்கள். என் மேசைக்கு முன்னால் உட்காருகிறவர்களும் பெரும்பாலும் அந்த மாதிரி ஆட்கள்தான்.

இனி கார்டு விதிகள். சேரும்போது யாரும் படிப்பதில்லை, நானும் குறை சொல்லவில்லை, அவ்வளவு பொடி எழுத்து. ஆனால் சாரம் எந்த ஊர்க் கேசினோவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கார்டு உங்கள் பெயருக்கு மட்டும். புள்ளி உங்கள் சொத்து கிடையாது, அதற்குக் காலாவதி உண்டு. படிநிலைக்கு ஒரு கெடு இருக்கும், அதற்குள் போதுமான அளவு விளையாடாவிட்டால் கீழே இறங்கிவிடுவீர்கள். புள்ளியின் மதிப்பை மாற்றவும், உறுப்பினர் தகுதியை ரத்து செய்யவும் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.

இதில் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது கார்டைப் பகிர்வதில். ‘என் கார்டைப் போட்டு ஆடுடா, பாயின்ட்டாவது சேரும்’ என்று மச்சானிடமோ கூட வேலை பார்ப்பவரிடமோ கொடுப்பது. தலைக்கு மேலே கேமரா இருக்கிறது. கார்டுப் பெயரும் முகமும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் புள்ளி பறிபோகும், உறுப்பினர் தகுதியும் போகலாம். அதைவிடப் பெரிய சிக்கல், மச்சான் ஆடியதெல்லாம் உங்கள் பெயரில் பதிவாகிவிடுவது. இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மெஷினில் யாரோ மறந்துவிட்டுப் போன பணம் மாற்றும் டிக்கெட், மேசையில் கிடக்கும் சிப் என்கிற பந்தய வில்லை, எதையும் எடுக்காதீர்கள். உள்ளே அது கீழே கிடந்த காசு இல்லை. போலீஸ் வழக்காகிவிடும்.

தடை என்றாலே பலருக்குக் குழப்பம். கேசினோ தன்னைக் காத்துக்கொள்ளப் போடும் தடை ஒன்று. ஏமாற்றினால், சண்டை போட்டால், உள்ளே வட்டிக்குக் கடன் கொடுத்தால் இனி வராதே என்று சொல்லிவிடுவார்கள். இங்கே காவல்துறை ஆணையரும் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையமும்கூடத் தடை விதிக்கலாம். அமெரிக்காவில் பிளாக்ஜாக் சீட்டுகளை மனக்கணக்கில் எண்ணி ஆடுகிறவர்களையே வெளியேற்றுவார்கள். அது மோசடி இல்லை, மூளையை மட்டும் பயன்படுத்தி ஆடுவது. 1982இல், அப்படிச் சீட்டு எண்ணி ஆடியதற்காக விலக்கப்பட்ட கென் உஸ்டன் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், அந்தக் காரணத்துக்காகக் கேசினோ தன்னிச்சையாக ஒருவரை விலக்க முடியாது என்றது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவில் இன்றும் விலக்கலாம். ஜெயிக்கத் தெரிந்தவரைக் கேசினோ தானாகவே கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடும் என்பதைக் கவனியுங்கள். தோற்றுக்கொண்டே இருப்பவரை அதே சுறுசுறுப்போடு தேடி வந்து, போதும் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சிங்கப்பூரில் பொறுப்பான சூதாட்டத்துக்கென விதிகள் இருக்கின்றன, பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் அவர்கள் வந்து தோளைத் தட்டும்வரை காத்திருப்பது வீண்.

மற்றது உங்களையும் குடும்பத்தையும் காக்கிற தடை. இதைக் கொடுப்பது கேசினோ இல்லை, சூதாட்டப் பிரச்சினைக்கான என்சிபிஜி என்கிற தேசிய மன்றம். நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொள்ளலாம். சிங்பாஸ் என்கிற அரசாங்க மின் அடையாளக் கணக்கு இருந்தால் இணையத்திலேயே முடிந்துவிடும், செலவு கிடையாது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் கேட்டும் போடலாம். அரசாங்க நிதியுதவி பெறுகிறவர்கள், திவாலானவர்கள் போன்றோருக்குத் தானாகவே உண்டு. முழுத் தடை வேண்டாம் என்றால் மாதத்துக்கு இத்தனை முறைதான் என்று வருகை வரம்பு வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. முற்றிப்போனவர்களுக்கு வரம்பை நான் சிபாரிசு செய்வதில்லை. மாதம் நான்கு முறை என்று வைத்தால் அந்த நான்கையும் விடாமல் போய்வருவார்கள்.

இங்கேதான் கார்டு குறுக்கே வந்து நிற்கிறது. ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர், வயது ஐம்பதைத் தாண்டியவர், மனைவியோடு வந்திருந்தார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், தடைக்கும் சம்மதித்தார். படிவத்தைத் திறந்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

“மேடம், கார்டுல முந்நூறு வெள்ளிக்குப் பக்கமா பாயின்ட் கிடக்கு. அதை முடிச்சிட்டு மாசக் கடைசியில போட்டுக்கிறேனே.”

“முடிக்கிறதுன்னா எப்படிண்ணே? சாப்பிட்டா?”

“சாப்பாட்டுல போய் யாராவது வீணாக்குவாங்களா? மெஷின்லதான்.”

அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. கைப்பையிலிருந்து கடன் கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாக மேசையில் வைக்க ஆரம்பித்தார். நான் காகிதத்தை எடுத்துக் கணக்கை எழுதினேன். உள்ளே போக 150 வெள்ளி. அந்த 300 வெள்ளிப் புள்ளி சேர அவர் எத்தனை ஆயிரத்துக்கு ஆடியிருக்க வேண்டும் என்பது அடுத்த வரி. போன முறை ‘சும்மா பாயின்ட்டை மட்டும்’ என்று போனபோது என்ன ஆனது என்று கேட்டேன். 1,800 வெள்ளி போயிருக்கிறது. அதையும் எழுதினேன். அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, போடுங்க” என்றார்.

இது அவர் ஒருவர் கதை இல்லை. புள்ளி காலாவதியாகப் போகிறது, இன்னும் கொஞ்சம் ஆடினால் அடுத்த படி, பிறந்தநாள் கூப்பன் வருகிறது, ஆண்டுக் கட்டணம் கட்டியது வீணாகுமே என்று தடையைத் தள்ளிப்போடக் காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். ஆண்டுக் கட்டணம் 3,000 வெள்ளி கட்டியவர், மாதம் ஒரு முறை போனால் நஷ்டம் என்று கணக்குப் பார்த்து வாரம் இரண்டு முறை போவார். தடை போட்ட நாளோடு புள்ளி போகிறதென்றால் போகட்டும். எப்படியும் எழுத்துப்படி அது உங்களுடையதாக இருந்ததே இல்லை.

தடை போட்டதும் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. கேசினோ செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குங்கள். விளம்பரச் செய்திகளை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேசினோ ஊழியர் யாராவது வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தால் அந்த எண்ணையும் முடக்குங்கள். நண்பராகவே பழகியிருப்பார், கஷ்டமாகத்தான் இருக்கும். கார்டை மனைவியிடம் கொடுத்து வைக்கிறேன் என்பார்கள் சிலர். எதற்கு? வெட்டிப் போடுங்கள்.

தடையில் இருக்கும்போது அடுத்தவர் அடையாள அட்டையைக் காட்டி நுழைவது குற்றம். கொடுத்தவரும் சேர்ந்து மாட்டுவார். எப்படியோ உள்ளே போய் ஜெயித்தாலும் அந்தப் பணம் உங்களுக்குக் கிடையாது, பறிமுதல்தான். ஆக, தடைக்குப் பிறகு தோற்றால் உங்கள் பணம், ஜெயித்தால் அரசாங்கத்தின் பணம். சுயமாகப் போட்ட தடையை மனம் மாறி மறுவாரமே எடுத்துவிடவும் முடியாது. குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் விண்ணப்பிக்கலாம், அப்போதும் மதிப்பீடு உண்டு.

இந்தத் தடைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் உத்தரவு மலேசியாவின் கெந்திங் மலைக் கேசினோவுக்குச் செல்லாது. கைப்பேசியில் ஓடும் சட்டவிரோதத் தளங்களுக்கும் செல்லாது. கேசினோ கதவு மூடியதும் சிலர் அங்கே தாவுகிறார்கள். அதனால் தடையோடு ஆலோசனையும் வேண்டும் என்கிறோம். மனநலக் கழகத்தில் அடிமைப் பழக்கங்களுக்கென்றே சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

குடும்பத்தார் விண்ணப்பிக்கும்போது, ‘அவர் நிறைய ஆடுகிறார்’ என்று மட்டும் எழுதினால் போதாது. கடன் கடிதங்கள், அடகுச் சீட்டு, கட்டாமல் விட்ட வீட்டுக் கடன், பிள்ளையின் சேமிப்பிலிருந்து எடுத்த தொகை என்று கையில் இருப்பதைத் தேதியோடு கொண்டுபோங்கள். மதிப்பீட்டுக் குழு இரு தரப்பையும் கேட்கும். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மானம் போகும் என்று மறைக்கிற பெண்கள் நிறையப் பேர்.

கடைசியாக வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளுக்கு. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உங்களுக்கு முன்னால் அந்த 150 வெள்ளி வேலிகூடக் கிடையாது. சம்பள நாளன்று ஏசிக்காகவும் ஒரு காபிக்காகவும் போய், கார்டு இலவசம் என்று வாங்கிக்கொண்டு, ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். சுயத் தடைக்கு நீங்களும் விண்ணப்பிக்கலாம். உதவி எண் 1800-6-668-668. தமிழில் பேச வேண்டும் என்றால் எடுத்தவுடனேயே கேளுங்கள். கூப்பிடும் முன் கடனையெல்லாம் கூட்டிப் பார்த்துத் தயாராக வேண்டும் என்று நினைக்காதீர்கள், அதைப் பிறகு சேர்ந்து கூட்டிக்கொள்ளலாம்.