தூத்துக்குடி மக்ரூன்: ஈரத்தோடு ஒரு மல்லுக்கட்டு

தூத்துக்குடி மக்ரூனுக்கு வேண்டியது முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. அவ்வளவுதான். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, சோடா உப்பும் கிடையாது. பேக்கரிகளில் வருஷம் முழுக்கக் கிடைக்கும் பண்டம் இது. வீட்டில் செய்து பார்க்கும் ஆசை பலருக்கும் கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் வரும். வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாத நேரம் அது. காற்றில் ஈரம் ஊறிக் கிடக்கும். மக்ரூனோ ஈரத்தை வெளியேற்றினால்தான் உருப்படும். வெந்தால் மட்டும் போதாது, காய வேண்டும். வீட்டு மக்ரூன் கெட்டுப்போவதற்கான காரணங்களில் பாதிக்கு மேல் ஈரம்தான், மிச்சம் கொழுப்பு.

அளவு: நான்கு முட்டையின் வெள்ளைக்கரு (சுமார் 120 கிராம்), பொடித்த சர்க்கரை 200 கிராம், முந்திரி 150 கிராம், எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன்.

சர்க்கரை ஏன் சரியாக 200 கிராம்? வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர். 120 கிராமில் 105 கிராம் தண்ணீர் இருக்கும். அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். ஆக, இந்த அளவு கரையக்கூடிய எல்லைக்குச் சற்று உள்ளே நிற்கிறது. "இனிப்பு தூக்கலாக இருக்கட்டும்" என்று 250 கிராம் போட்டால், மிஞ்சியது கரையாமல் நறநறவென்று தங்கும். அடுப்பில் அது உருகிப் பாகாகி, மக்ரூனின் அடியில் கசிந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையைக் குறைத்தாலும் வம்புதான். வெள்ளைக்கருவை அடித்து எழுப்பும் நுரையின் சுவர் மெலிந்து, உள்ளே இருக்கும் நீர் சீக்கிரம் வடிந்துவிடும்.

நுரை எப்படி நிற்கிறது? வெள்ளைக்கருவில் பத்து சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, சுருண்ட நூலுருண்டைகளாக. அடிக்க அடிக்க அவை பிரிந்து, தண்ணீரை வெறுக்கும் பகுதியைக் காற்றுக் குமிழியின் பக்கமும், விரும்பும் பகுதியை நீரின் பக்கமும் நீட்டிக்கொள்ளும். பிறகு ஒன்றோடொன்று கைகோத்துக் குமிழியைச் சுற்றி வலை பின்னிவிடும். இந்த இடத்தைக் கொழுப்பும் கேட்கிறது. மஞ்சள்கருவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. ஒரு சொட்டு விழுந்தாலும் அது குமிழியின் மேற்பரப்பில் புரதத்தோடு போட்டி போடும், நுரை சரியாக எழும்பாது. ஆகவே ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய பாத்திரத்தில் சேர்ப்பது நல்லது. பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஒட்டியிருக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி போதும். முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிரித்தால் மஞ்சள்கரு எளிதில் உடையாது. அடிப்பதற்கு முன் வெள்ளைக்கருவை அரை மணி நேரம் வெளியே வைத்துவிடலாம்.

எலுமிச்சைச் சாற்றின் வேலை வாசனை இல்லை. அளவு மீறி அடிக்கும்போது புரத நூல்கள் கந்தகப் பிணைப்புகளால் இறுக்கமாகக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நுரை திரிதிரியாகி அடியில் நீர் தேங்கும். அமிலம் அந்தப் பிணைப்பைத் தாமதப்படுத்தும். ஐரோப்பியச் சமையல்காரர்கள் செம்புப் பாத்திரத்தில் அடித்து வந்ததும் இதே பலனுக்காகத்தான். நம் வீட்டுச் செம்புப் பாத்திரத்தில் ஈயம் பூசியிருந்தால் அந்தப் பலன் கிடைக்காது.

சர்க்கரையைச் சேர்க்கும் நேரம் முக்கியம். தொடக்கத்திலேயே கொட்டினால் நுரை எழும்ப வெகுநேரம் ஆகும். முழுதும் கெட்டியான பிறகு போட்டால் கரைய நீர் எட்டாது. கரண்டியைத் தூக்கும்போது நுரையின் முனை எழும்பி வளைந்து விழும் கட்டத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு மேசைக்கரண்டியாகப் போட்டு அடிக்கவும். எல்லாம் சேர்ந்ததும் கொஞ்சம் நுரையை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கலாம். மணல் தட்டினால் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் அடிக்க வேண்டும். வழவழவென்று பளபளத்து, முனை நிமிர்ந்து நின்றால் சரி.

இனி முந்திரி. இந்த மரத்தைப் பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். ஐரோப்பிய மக்ரூனில் பாதாம் இருக்கும் இடத்தில் முத்துக்குளித்துறைக் கரையில் முந்திரி உட்கார்ந்துகொண்டது. சுவைக்கு அது லாபம். நுரைக்கு ஆபத்து, ஏனெனில் முந்திரியில் 44 சதவீதம் போலக் கொழுப்பு. முழுப் பருப்பில் அது செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் சூடேறி எண்ணெய் விட்டு, பொடி விழுதாகிவிடும். அந்த விழுதை நுரையில் போட்டால் கண்ணெதிரே அமுங்கும். ஈரமில்லாத ஜாரில் பருப்போடு அளந்த சர்க்கரையில் ஒரு ஸ்பூன் சேர்த்து, இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி ரவை பதத்துக்குப் பொடிக்க வேண்டும். மாவாக்கக் கூடாது, எவ்வளவு பொடிகிறதோ அவ்வளவு கொழுப்பு வெளியே தெரியும். பருப்பு நமத்திருந்தால் 100 டிகிரி அடுப்பில் பத்து நிமிடம் வைத்து, நன்றாக ஆறவிட்டுப் பிறகு பொடிக்கவும்.

பொடியை மூன்று தவணையாகத் தூவி, அகலமான கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்துச் சேர்க்கவும். கிளறக் கூடாது. வெண்மையும் பொடியும் கலந்தது தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். தாமதிக்காமல் கூம்புப் பையில் நிரப்பி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் பிழிந்து, நேராக மேலே இழுத்து விடவும். அந்தக் கூர் மூக்குதான் அடையாளம். மூக்கு சாய்ந்தால் நுரை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுப்பு அதைச் சரிசெய்யாது.

அடுப்பின் சூடு 100 முதல் 110 டிகிரி செல்சியஸ், நேரம் ஒன்றரை மணி. வெள்ளைக்கருப் புரதங்கள் 60 டிகிரி தாண்டியதும் இறுகத் தொடங்கி, அவற்றில் முக்கியமானது 80 டிகிரி வாக்கில் இறுகும். அதன் பிறகு நடப்பதெல்லாம் உலர்த்தல். அவசரப்பட்டு 150 டிகிரியில் வைத்தால், சுவர் இறுகுவதற்குள் காற்றும் நீராவியும் விரிந்து மக்ரூன் வெடிக்கும். மேல் ஓடு காய்ந்து பழுப்பேறும், உள்ளே பிசின். வெள்ளைக்கருவில் இயல்பாகவே கொஞ்சம் குளுக்கோஸ் உண்டு. அது புரதத்தோடு வினைபுரிந்து நிறம் கொடுக்கிறது. குறைந்த சூட்டில் அந்த வினை மெதுவாக நடப்பதால்தான் நல்ல மக்ரூன் யானைத் தந்தத்தின் நிறத்தோடு நிற்கிறது. சின்ன ஓவனில் நீராவி தங்கிவிடும். கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி வழிவிட வேண்டும்.

வெந்ததா என்று சூட்டோடு அழுத்திப் பார்ப்பது வீண். சூடான சர்க்கரை இளகித்தான் இருக்கும். ஆறினால்தான் கண்ணாடிபோல் இறுகும். ஒன்றை மட்டும் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு உடைத்துப் பார்க்கவும். மொறுக்கென்று உடைந்து, நடுவிலும் ஒட்டாமல் இருந்தால் அடுப்பை அணைத்து, மற்றவற்றை உள்ளேயே ஆறவிடலாம். அடிப்பகுதி தாளிலிருந்து தானாகக் கழன்று வருவதும் நல்ல அறிகுறி.

ஆறியதும் உடனே காற்றுப் புகாத டப்பாவுக்குள் போய்விட வேண்டும். இந்த நிலையில் சர்க்கரை படிகமாக இல்லாமல் ஒழுங்கற்ற கண்ணாடி நிலையில் இருப்பதால் ஈரத்தை ஆவலோடு இழுக்கும். மழைநாளில் திறந்த தட்டில் வைத்தால் வெகு சீக்கிரமே கையில் ஒட்ட ஆரம்பிக்கும். குளிர்சாதனப் பெட்டியும் உதவாது. வெளியே எடுத்துத் திறந்ததும் மேலே நீர் பூத்துவிடும். டப்பாவில் அரிசி முடிச்சுப் போட்டு வைக்கும் பழக்கத்தால் பெரிய பயனில்லை, அரிசியிலேயே 12, 13 சதவீதம் ஈரம் உண்டு. நமத்துப்போனவற்றை 100 டிகிரியில் பதினைந்து இருபது நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். பாகு கசிந்து அடி ஒட்டிப்போனவை மட்டும் தேறாது. அவற்றை நொறுக்கி ஐஸ்கிரீம் மேல் தூவிக்கொள்ளலாம்.